பதினொரு கிராம் கடிதம்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். அங்கே நீ?

சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். உன் மாமாவின் ஈரல் தழும்பு விழுந்து விறைத்துக்கொண்டிருக்கிறது என்று டிசம்பரில் உங்கள் ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள். ஸ்கேனில் பத்துப் புள்ளி எட்டு. ஆறுக்குள் இருக்க வேண்டியதாம். ஒரு சொட்டு குடிக்காத மனுஷனுக்கு இது எப்படி வந்தது என்று கேட்டேன். கொழுப்பு என்றார் உங்கள் டாக்டரம்மா. இவர் குடிக்கவில்லை என்பதை நான் இருபது வருஷமாக வாயை மோந்து உறுதிசெய்திருக்கிறேன், ஆகவே நம்பினேன்.

நீ அனுப்பிய முதல் சீசா வந்துவிட்டது. அறுபது காப்ஸ்யூல், காலை ஒன்று இரவு ஒன்று. உள்ளே மஞ்சளாக ஏதோ தூள். செடியிலிருந்து எடுத்தது என்று மட்டும் சீட்டில் போட்டிருக்கிறது. எந்தச் செடி, யார் எடுத்தார்கள், உனக்கு அதில் என்ன வேலை, எல்லாவற்றையும் விவரமாக எழுது. போனில் சொல்கிறேன் என்று ஆரம்பிக்காதே. போனில் நீ பொய் சொன்னால் எனக்குத் தெரியாது, கையெழுத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. அந்த மருந்து ஆராய்ச்சியில் சேர அங்கே வந்தவர் உன் அறையில் இரண்டு நாள் தங்கினாரே, திரும்பி வந்ததிலிருந்து ஆளே ஒரு மாதிரி இருக்கிறார். லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போன இடத்துக் கதைகளைச் சொல்லி என் காதைப் புண்ணாக்குகிறவர், இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்கிறார். அங்கே என்ன பேசினீர்கள்?

இந்தக் கடிதத்தைத் தானே பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன் என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தபாலும் போட்டறியாத ஆள். நடந்தால் ஈரலுக்கு நல்லதாம். சரி, போகட்டும்.

உன் அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீயும் மாமாவும் சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி.

நீ கேட்டதை வரிசையாகச் சொல்கிறேன். காப்ஸ்யூலில் இருப்பது ஃபிளேவனாய்டு என்ற சரக்கு. பூவிலும் இலையிலும் பழத்தோலிலும் இருப்பது. அந்தப் பெயரே மஞ்சள் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்ததாம். நிறத்தோடு பிழைப்பு நடத்துகிற உனக்கு இது பிடிக்கும். ஈரலுக்குள் நட்சத்திர வடிவில் ஒரு வகை செல் இருக்கிறது. சாதாரணமாக அது தூங்கிக்கொண்டிருக்கும். ஈரல் அடி வாங்கிக்கொண்டே இருந்தால் விழித்துக்கொண்டு நார் நாராகத் தழும்பை நெய்ய ஆரம்பித்துவிடும். இந்தச் செடிச் சரக்கு அதை மறுபடி தூங்க வைக்கிறது என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். மனிதருக்கும் அப்படியா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சி.

என் வேலை மருந்தறையில். எண் போட்ட சீசாக்கள் மேலிருந்து வரும். எந்த எண் எந்த நோயாளிக்கு என்று பட்டியல் இருக்கும். அதைப் பார்த்துக் கட்டி அனுப்புவேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறம் ஏற்றிய வெறும் மாவு. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. யாருக்கு எது என்று எழுதிய தாளை ஆராய்ச்சி முடிந்த பிறகுதான் பூட்டைத் திறந்து எடுப்பார்கள்.

மாமாவோடு விசேஷமாக ஒன்றும் பேசவில்லை. பழைய கதைகள்தான். அவரை எண்ணெய், இனிப்பு இரண்டையும் குறைக்கச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இரண்டு பேரும் சுகம். அங்கே நீ? போன கடிதத்திலும் இதைக் கேட்டேன்.

பாதிப் பேருக்கு மாவா! இதை என்னிடம் முதலிலேயே ஏன் சொல்லவில்லை? கையெழுத்துப் போடும்போது உன் மாமாவுக்குச் சொன்னார்களாம். அவரும் என்னிடம் மூச்சு விடவில்லை. நான் யாரிடம்தான் கேட்பது? நீ கட்டுகிற சீசாவில் எது இருக்கிறது என்று உனக்கே தெரியாது என்கிறாய். என் காதில் பூ சுற்றாதே. ஒரு மருந்தறையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவனுக்கு மாவுக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியாதா?

எனக்குத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சாயப்பட்டறையில் நான் நிறம் ஒப்பிடுகிறவள். செடி மஞ்சளும் டப்பாவில் வருகிற செயற்கை மஞ்சளும் கண்ணுக்கு ஒன்றாக இருந்தாலும் துணிக்குத் தெரியும். படிகாரத்தில் வேகவைத்த பருத்தித் துணியில் செடி மஞ்சள் பிடித்துக்கொள்ளும், அலசினாலும் போகாது. டப்பா மஞ்சள் தண்ணீரோடு போய்விடும். ஒரு காப்ஸ்யூல் போதும், அரை மணியில் சொல்லிவிடுவேன். நீ வேண்டாம் என்றால் காரணம் எழுது.

அடுத்தது முக்கியம். உன் மாமாவின் விரல் நுனிகள் மஞ்சளாக இருக்கின்றன. இத்தனை வருஷமாகக் கிரீஸ் கறுப்பைத்தான் பார்த்திருக்கிறேன். மஞ்சள்காமாலையா? கண்ணை இழுத்துப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருக்கிறது. கேட்டால், "வேலை செய்யற எடத்துல பெயின்ட் அடிக்கறாங்க, அதான்" என்கிறார்.  டாக்டரம்மாவிடம் கேட்டு உடனே எழுது.

மற்றபடி புதிதாக ஒன்றும் இல்லை. உன் மாமா தினமும் சாயங்காலம் தபால் பெட்டி வரை நடந்துவிட்டு வருகிறார். மஞ்சள்தூள் டப்பா வாங்கிய வேகத்தில் காலியாகிறது. பக்கத்து வீட்டம்மா நான் இல்லாதபோது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைக்கிறேன். கையும் களவுமாகப் பிடிக்கிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

கண் வெள்ளையாக இருந்தால் காமாலை இல்லை. விரலைப் பற்றிக் கவலைப்படாதே. பக்கத்து வீட்டம்மாவிடம் சண்டைக்குப் போகாதே.

படிகாரச் சோதனை வேண்டாம். தயவு செய்து வேண்டாம். எது மருந்து என்று தெரிந்துவிட்டால் மாமாவைக் கணக்கில் சேர்க்க முடியாது. அவரை நம்பி எடுத்த ஸ்கேன்கள் எல்லாம் வீண். நூற்றுச் சொச்சம் பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் மட்டும் விடைத்தாளைத் திறந்து பார்ப்பது சரியில்லை.

மாமாவை ஒழுங்காகக் காப்ஸ்யூல் சாப்பிடச் சொல். நான் சொன்னதாக, அழுத்திச் சொல்.

உன் தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

இங்கே சுகம் இல்லை.

நீ கேட்டுக்கொண்டபடி நான் படிகாரத்தைத் தொடவில்லை. ஆனால் நேற்று உன் மாமா ஒரு காப்ஸ்யூலைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார். அதை நான் மிதித்துவிட்டேன். கால் மிதியில் மஞ்சள் கறை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கறை ரத்தச் சிவப்பாக மாறியது.

சோப்புப் பட்டுச் சிவக்கிற மஞ்சள் எது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அடுப்படியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். மோந்து பார்த்தேன். மஞ்சள்தூள்! கடையில் விற்கிற, சமையலுக்குப் போடுகிற மஞ்சள்தூள்! சீசாவிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து உடைத்தேன். அதே.

இதுதானா உங்கள் செடிச் சரக்கு? மருந்தும் இல்லை, நீ சொன்ன மாவும் இல்லை. என் அடுப்படியில் இருப்பதைக் காப்ஸ்யூலில் அடைத்து, எண் போட்டு, சீட்டு ஒட்டி, என் புருஷனுக்கு அனுப்பியிருக்கிறாய். அசல் எங்கே போகிறது? யாருக்கு விற்கிறீர்கள்? உனக்குத் தெரியாமல் நடக்கிறதா, தெரிந்து நடக்கிறதா?

ஒரு காலத்தில் நீ குடித்துவிட்டு வந்து என் வாசலில் விழுந்து கிடந்தபோது உன்னைத் தூக்கிப் போய் முகம் கழுவிவிட்டவர் உன் மாமா. என் முகத்தைப் பார்த்து இனிமேல் தொடமாட்டேன் என்று நீ சொன்னாய். ஆறு வருஷமாகிறது. அந்த வார்த்தையை நான் நம்பியிருக்கிறேன். அதற்காகவாவது உண்மையைச் சொல்.

அக்கா


மார்ச் 20

தம்பிக்கு,

பதினாறு நாளாகிறது, பதில் இல்லை. தபால் தொலைந்தது என்று சொல்லாதே. உன் மாமா கையாலேயே போட்டார்.

மூன்று மாத ஸ்கேன் இங்கேயே எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். எடுத்தாயிற்று. ஒன்பது புள்ளி ஒன்பது. குறைந்திருக்கிறது! ஸ்கேன் எடுத்த பெண், "மருந்து நல்லா வேல செய்யுது போலிருக்கே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்ன மருந்து? ரசத்துக்குப் போடுகிற மருந்து! நான் சிரிக்கவில்லை. ஸ்கேன் எந்திரமும் உங்கள் ஆட்களுடையதா என்று இப்போது அந்தச் சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

நீ பதில் எழுதாவிட்டால் நான் நேராக டாக்டரம்மாவுக்கு எழுதுவேன். முதலில் உன்னிடம் சொல்கிறேன். கூடப் பிறந்ததற்கு அவ்வளவுதான் செய்ய முடியும்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

மருந்தறையிலிருந்து நான் அனுப்பியது சரியான சீசா. இது சத்தியம். இதற்கு மேல் என்னைக் கேட்காதே. டாக்டரம்மாவுக்கு எழுதும் முன் எனக்கு ஒரு மாதம் கொடு.

மாமாவின் எண் குறைந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இரண்டு பேர் இருக்கிறோம். சுகமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அங்கே நீ?

உன் கையெழுத்தைப் பத்துத் தடவை பார்த்தேன். "சரியான சீசா" என்பதை எழுதும்போது உன் கை நடுங்கவில்லை. அதை நம்புகிறேன். "இதற்கு மேல் கேட்காதே" என்ற இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. ஆகவே இதற்கு மேல் கேட்கிறேன்.

இந்த மாதச் சீசா ஐந்தாம் தேதி வந்தது. உன் மாமா வேலையில் இருந்தார். மூடியில் ஒட்டியிருந்த சீல் தாளை ஆவியில் காட்டி எடுத்தேன். சாயப்பட்டறையில் ஆவிக்கா பஞ்சம்? இரண்டு காப்ஸ்யூலை எடுத்துக்கொண்டு மறுபடி ஒட்டி, இருந்த இடத்தில் வைத்தேன். ஒன்றை உடைத்துச் சோப்புத் தண்ணீர் விட்டேன். சிவக்கவில்லை. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. மற்றதைப் பத்திரப்படுத்தினேன். நேற்று அதே சீசாவிலிருந்து ஒன்றை எடுத்துச் சோப்பு விட்டேன். சிவப்பு!

ஆக, திருடன் உன் ஊரில் இல்லை. என் வீட்டில் இருக்கிறான். என் பக்கத்தில் படுக்கிறான். விரல் நுனி மஞ்சளாக இருக்கிறான். மஞ்சள்தூள் டப்பாவைக் காலி செய்கிறான். பக்கத்து வீட்டம்மாவை நான் இரண்டு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தது அநியாயம்.

காப்ஸ்யூலைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டி, மஞ்சள்தூள் அடைத்து மூடுகிறார். லிஃப்ட் மெக்கானிக்கின் கை, பூட்டியது தெரியவில்லை. எதற்கு? மருந்து பிடிக்கவில்லை என்றால் சாக்கடையில் கொட்டலாமே, மாற்றி அடைப்பானேன்? ஆக, கொட்டியது எங்கோ போகிறது. இவர் வேலைக்குப் போகிறார், வீட்டுக்கு வருகிறார். நடுவில் போகிற ஒரே இடம் தபால் பெட்டி. உறையை ஒட்டுவதும் அவர்தான், ஒரு தபால்தலை போதும் என்கிற கடிதத்துக்கு இரண்டு ஒட்டுகிறார். போன மாதமே பார்த்தேன். அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் இன்னும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் கதை சொல்வார். பட்டறையில் சாயத்தூள் நிறுக்கும் தராசு இருக்கிறது, மிளகில் பாதி எடையையும் காட்டும். இந்தக் கடிதத்தை உறையோடு அதில் வைத்து நிறுத்துவிட்டுத்தான் உன் மாமாவிடம் கொடுக்கப் போகிறேன். எழுதி முடிக்கிறபோது பதினொரு கிராமுக்குப் பக்கத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். மீதியைத் தாளை வெட்டிச் சரிசெய்து, சரியாகப் பதினொன்று ஆக்கிவிடுகிறேன். அவர் பிறர் கடிதத்தைப் படிக்கிறவர் இல்லை. அந்த ஒரு நம்பிக்கை எனக்கு மிச்சம் இருக்கிறது.

உன் மருந்தறையிலும் தராசு இருக்கும். கடிதம் உன் கைக்கு வந்தபோது எத்தனை கிராம் இருந்தது? வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அந்த எண்ணை மட்டும் எழுது.

உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். சண்டைக்கு முன்னால் இரண்டு தடவை "அங்கே நீ?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நீ அதற்குப் பதில் எழுதவில்லை. எனக்கு இப்போது கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். சுகமா என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இதுதான்.

உன் அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

இருபத்தாறரை கிராம்.

உன் கடிதம் பதினொன்று. சுற்றியிருந்த காகிதம் ஒன்று. தூள் பதினான்கரை. காப்ஸ்யூலுக்குக் கால் கிராம் வீதம் அறுபதுக்குப் பதினைந்து வர வேண்டும். நீ எடுத்த இரண்டு குறைகிறது. தராசு பொய் சொல்லாது, நானும் இனிச் சொல்லவில்லை.

டிசம்பரில் மாமா என் அறைக்கு வந்தபோது மேஜையில் என் ஸ்கேன் ரிப்போர்ட் கிடந்தது. எடுத்து மறைப்பதற்குள் பார்த்துவிட்டார். பன்னிரண்டு புள்ளி ஆறு. அவருக்கு இருப்பதைவிட அதிகம். பழைய குடி விட்டுப்போன தழும்பு, மேலே கொழுப்பும் சேர்ந்துகொண்டது என்றார் எனக்குப் பார்த்த வெளி டாக்டர். தழும்புக்கென்று கையில் மருந்து இல்லை, நடங்கள், எடையைக் குறையுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். நான் தினமும் சீசா சீசாவாக அந்த மருந்தைக் கட்டி ஊரெல்லாம் அனுப்புகிறேன். ஆனால் காப்ஸ்யூலைக் கையாளுகிற ஊழியர் ஆராய்ச்சியில் சேரக்கூடாது என்பது விதி. அன்று மாமா முன்னால் அழுதுவிட்டேன்.  பஸ் ஏறும்போது அவர், "நீ கவலப்படாத. நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஜனவரியில் உன் முதல் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே அவர் கையெழுத்தில், "எனக்குக் கம்மி, உனக்கு ஜாஸ்தி. நீ சாப்பிடு. நான் மஞ்சள்தூள் போட்டுக்கறேன், அதுவும் செடிதானே" என்று இருந்தது. வேண்டாம் என்று அவருக்கு எழுதி வேலை செய்யும் இடத்துக்கு அனுப்பினேன். அவர் கேட்கவில்லை.

அக்கா, எல்லாவற்றையும் அவர் தலையில் கட்ட மாட்டேன். திருப்பி அனுப்பியிருக்கலாம். டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். உன்னிடம் சொல்லியிருக்கலாம். நான் அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். கால் கிராம் காலையில், கால் கிராம் இரவில். உன் புருஷனின் மருந்து என்று தெரிந்தே குடித்தேன். சாகப் பயமாக இருந்தது. குடித்த பிறகு உடம்பு தெம்பாக இருப்பதாகக்கூடத் தோன்றியது. அவருக்கு எண் குறைந்தது என்று நீ எழுதிய அன்றுதான் ஓரளவு மூச்சு விட்டேன்.

நீ என்னைத் திட்டி எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றும் இந்தப் பொட்டலத்தைச் சுமந்துகொண்டுதான் வந்தன. பொட்டலத்தை எடுத்துவிட்டு உன் எழுத்தைப் படிப்பேன். படித்துவிட்டு எப்படிப் பதில் எழுதுவது?

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஈரல் என்று சொன்னதும் நீ குடி என்றுதான் கேட்பாய். ஆறு வருஷமாக நான் தொடவில்லை. அதற்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை.

உன் தம்பி


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. இப்போது பேசுகிறோம்.

உன் கடிதத்தை உன் மாமா முன்னால் மேஜையில் விரித்து வைத்தேன். படித்துவிட்டு ஒரு குழந்தையைப் போல முழித்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றேன். "சொன்னா நீ என்ன கேப்பே? குடிச்சானான்னுதானே கேப்பே? அவன் அத எப்படித் தாங்குவான்?" என்றார்.  உன் கடிதத்தில் ஈரல் என்ற சொல்லைப் படித்த அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியதும் அதுதான். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. வரிசை அப்படி அமைந்ததற்காக நான் வெட்கப்படுகிறேன்.

என் சந்தேகத்துக்குப் பயந்து ஒருவர் மருந்தை ஒளித்துக் கொடுத்தார், ஒருவர் வாயை மூடிக்கொண்டார். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உங்கள் இரண்டு பேரையும் பார்த்தேன் என்று பெருமையாக நினைத்திருந்தேன். உனக்கு நோய் வந்ததைப் பார்க்கவில்லை.

நீ திட்டினாலும் சரி, போன திங்களன்று உன் மாமாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை அன்று பார்க்காமல் திரும்பியது வேண்டுமென்றேதான். பார்த்திருந்தால் அடித்திருப்பேன், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி அதிர அழுதிருப்பேன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சாப்பிட வேண்டியவர் சாப்பிடல, சாப்பிடக்கூடாதவர் சாப்பிட்டிருக்கார். இத நான் எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றார். உன் மாமாவை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார். எண் குறைந்தது எப்படி என்று கேட்டேன். ஏழு கிலோ இளைத்திருக்கிறார், தினமும் தபால் பெட்டி வரை நடந்திருக்கிறார், அதுதான் என்றார். மஞ்சள்தூளுக்கு அவர் மார்க் கொடுக்கவில்லை. உன்னை மருந்தறையிலிருந்து வேறு பிரிவுக்கு மாற்றப் போகிறார்கள், இதற்குள் சொல்லியிருப்பார்கள். அது என்னால்தான். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உன் மாமா ஆராய்ச்சியில் இல்லை, இனிப் படிகாரச் சோதனைக்குத் தடையும் இல்லை. ஏப்ரல் சீசாவிலிருந்து எடுத்த இரண்டில் ஒன்று என் பெட்டியில் இருந்ததே, அதை நேற்றுப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். துணியைப் படிகாரத்தில் வேகவைத்தேன். தூளைக் கரைத்து, துணியை முக்கி, காயவைத்து, குழாயடியில் பிடித்தேன்.

துணியை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளையாக இருக்கிறதா? நிறம் முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. மாவு, தம்பி. நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டது வெறும் மாவு. நான் குழாயடியில் உட்கார்ந்து சிரித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் ஓடி வந்தபோது அழுதுகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம் காட்டினேன். வெகுநேரம் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப அவனுக்கு அஞ்சு மாசமா ஒண்ணுமே கெடைக்கல" என்றார். அவருக்கு ஒன்றும் கிடைக்காததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆகவே நீ தெம்பாக இருப்பதாகத் தோன்றியதை நம்பி உட்கார்ந்திருக்காதே. டாக்டரம்மாவே உன்னைப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சிக்கு இல்லை, நோயாளியாக. நாளைக்கே போ. மறுபடி ஸ்கேன் எடு. லீவு கிடைத்ததும் இங்கே வா, உன் மாமாவோடு தபால் பெட்டி வரை நட. போடுவதற்குக் கடிதம் இல்லாவிட்டாலும் நட.

நீ குடிக்கவில்லை என்பதை நம்புகிறேன். அத்தாட்சி கேட்காமல் நம்புகிறேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

இனிமேல் சுகம் என்று பொய்யாக எழுதாதே, எழுதாமல் மழுப்பவும் செய்யாதே. உன் எண்ணை எழுது. அது எதுவாக இருந்தாலும் சரி.

இந்தக் கடிதம் துணியோடு பன்னிரண்டு கிராம். இந்தத் தடவை நானே போய்ப் பெட்டியில் போடுகிறேன்.

உன் அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பன்னிரண்டு கிராம் சரியாக வந்து சேர்ந்தது.

இங்கே பன்னிரண்டு புள்ளி ஒன்பது. ஏறியிருக்கிறது. பயமாக இருக்கிறது. அங்கே நீங்கள்?

டாக்டரம்மா என்னை ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். முதல் பாதி முழுவதும் திட்டு. வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். மாமாவிடம் செருப்பைத் தயாராக வைக்கச் சொல், நடக்க.

உன் தம்பி

பின்குறிப்பு: ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலை இணைத்திருக்கிறேன். நீ அத்தாட்சி கேட்கமாட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறாய். இருந்தாலும் பார்த்துக்கொள்.